பழைய வீட்டுக்குப் புது ஒயரிங்: எதை முதலில், எதைப் பிறகு?

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பலருக்கு ஸ்ரீபெரும்புதூர், வல்லம், மாத்தூர், ஒரகடம் பக்கம் அப்பாவோ தாத்தாவோ கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. நாம் இங்கே ஃபிளாட்டில் இருக்கிறோம். அங்கே கம்பெனிக்குப் போகும் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் என்று ஆலைகள் வர வர, கிராமத்து வீடுகளுக்கும் வாடகை மதிப்பு வந்துவிட்டது. ஒயரிங் மட்டும் பழையபடியே இருக்கிறது.

அந்தக் காலத்தில் நான்கு பல்பு, இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ என்று கணக்குப் போட்டு ஒயர் இழுத்தார்கள். எல்லாம் சேர்ந்து 500 வாட், அதாவது 2 ஆம்பியர் சொச்சம். இன்று ஒரு இண்டக்‌ஷன் அடுப்பே 2,000 வாட். அது ஒன்றே 9 ஆம்பியர் இழுக்கும்.

மொத்த ஒயரிங்கையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டுமென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், பணமும் மொத்தமாக வேண்டும். ஆகவே தவணையாகச் செய்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் பெயிண்ட், டைல்ஸ், புது சுவிட்ச் எல்லாம் இந்த வருஷம், எர்த்தும் மெயின் போர்டும் அடுத்த வருஷம் என்று வைக்கிறோமே, அதுதான் தலைகீழ்.

முதல் தவணை எர்த், மெயின் போர்டு, ஆர்.சி.சி.பி. இந்த மூன்றும்தான். எம்.சி.பி. இருக்கிறதே, போதாதா என்று கேட்பீர்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியர். மனித உடம்பில் 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிர் போகலாம், எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. அது ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. ஆர்.சி.சி.பி. போன கரண்ட் முழுவதும் திரும்பி வந்ததா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிகளும் வீடுகளுக்கு இந்த 30 என்ற அளவைத்தான் சொல்கின்றன.

எர்த் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் ஒயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். வீட்டைப் புதுப்பிக்கும்போது பிளம்பர் அதை எடுத்துவிட்டு பி.வி.சி. குழாய் போடுவார். அன்றோடு எர்த் போய்விடும், யாருக்கும் தெரியாது. குழாய் வேலை தொடங்கும் முன்பே தனி எர்த் போட்டுவிட வேண்டும்.

இரண்டாவது தவணை ஈரம் படும் இடங்கள்: சமையலறை, குளியலறை, மோட்டார், வாஷிங் மெஷின். மூன்றாவது ஏ.சி.; ஒவ்வொன்றுக்கும் போர்டிலிருந்தே தனி லைன், 4 சதுர மில்லி மீட்டர் செம்பு ஒயர். லைட்டும் ஃபேனும் கடைசியில் வந்தால் போதும். ஆனால் எந்தச் சுவரை எப்போது உடைத்தாலும் அப்போதே காலி பைப்பைப் புதைத்துவிடுங்கள். ஒயர் பிறகு இழுக்கலாம். பூசிய சுவரை மறுபடி உடைப்பதுதான் செலவு.

இனி, பழையதும் புதியதும் ஒன்றாக ஓடும் நடுக்காலம். ஆபத்து இங்கேதான் அதிகம். பழைய அலுமினிய ஒயரோடு புதுச் செம்பு ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் அந்த முடிச்சு நாளாக நாளாகச் சூடேறும். பழைய லைன் பழைய லைனாகவே போர்டு வரை வரட்டும். பழைய லைன்களுக்கு ஒன்று, புதியவற்றுக்கு ஒன்று என இரண்டு ஆர்.சி.சி.பி. போட்டால், பழைய பக்கம் விழுந்தாலும் வீடு முழுக்க இருட்டாகாது.

பழைய வீடுகளில் இரண்டு அறைக்கு ஒரே நியூட்ரல் போயிருக்கும். அதனாலும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். “சார், இதை எடுத்துட்டு நேரா கொடுத்துடறேன்” என்பார் எலக்ட்ரீஷியன். சம்மதிக்காதீர்கள். கோளாறு எங்கே என்று தேடச் சொல்லுங்கள்.

வங்கியில் அன்றன்றைய கணக்கை அன்றே டேலி செய்யாமல் எழுந்திருக்க முடியாது. ஒவ்வொரு தவணையையும் அப்படித்தான் முடிக்க வேண்டும். கைவிட்ட பழைய ஒயரில் கரண்ட் நிற்கக் கூடாது. இரு முனையிலும் கழற்ற வேண்டும். மெக்கர் வைத்துச் சோதித்தால் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. சுவரை மூடும் முன் ஒரு போட்டோ, போர்டில் எந்த லைன் எந்த அறைக்கு என்று ஒரு சீட்டு, லைசென்ஸ் உள்ள காண்டிராக்டரின் சோதனை அறிக்கை: மூன்றையும் ஒரு ஃபைலில் வையுங்கள். லோடு கூடியிருந்தால் மின் வாரியத்தில் அதையும் கூட்டிப் பதிவு செய்யுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கிச் சுவர் ஊறுவதற்குள் முதல் தவணையாவது முடியட்டும். வாடகை வாங்குவது நாம். ஈரக் கையோடு சுவிட்ச் போடுவது ஊர் விட்டு ஊர் வந்து, நைட் ஷிப்ட் முடித்துத் திரும்பும் யாரோ வீட்டுப் பிள்ளை. டைல்ஸ் அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம்.