'வெரி'யும் 'டூ'வும்

மாதவரம் லாரி நிறுத்தத்தில் பல மாநில வண்டிகள் நிற்கும். அங்கே தமிழும் இந்தியும் கைகொடுக்காதபோது நாலு ஆங்கில வார்த்தைதான் துணை. ஒரு பெட்டியைக் காட்டி 'வெரி ஹெவி' என்றால், கனம்தான், ஆனாலும் தூக்கிவிடலாம். 'டூ ஹெவி' என்றால் ஒரு ஆளால் ஆகாது, இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். நாம் இரண்டுக்கும் 'ரொம்ப' என்றே சொல்லிப் பழகியதால், ஆங்கிலத்திலும் கலந்துவிடுகிறோம். 'டூ ஹெவி டு லிஃப்ட்' என்பதில் 'நாட்' கிடையாது. 'முடியாது' என்பது 'டூ'வுக்குள்ளேயே இருக்கிறது. அதையே 'ஸோ ஹெவி' என்று தொடங்கினால், 'தட் ஐ கேன்னாட் லிஃப்ட் இட்' என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இவை மூன்றும் முன்னால் வர, 'போதுமான' என்னும் 'இனஃப்' மட்டும் சொல்லுக்குப் பின்னால் வரும்: 'ஸ்ட்ராங் இனஃப்'.

அடுத்து, ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பது. தமிழில் ஒரு 'உம்' போதும்: பாலும் தயிரும். அந்தச் சின்ன 'உம்'முக்குத் தொல்காப்பியர் 8 பொருள் சொல்கிறார். எவ்வளவு நுட்பமான காது! ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பல தொடர்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. 'நாட் ஒன்லி மில்க் பட் ஆல்சோ கர்ட்' என்றால் அழுத்தம் தயிர் மேல். 'மில்க் ஆஸ் வெல் ஆஸ் கர்ட்' என்றால் பால்தான் முக்கியம், தயிர் கூட வருவது. அதனால்தான் 'த டிரைவர் ஆஸ் வெல் ஆஸ் த கிளீனர்ஸ்' என்று தொடங்கினால், கிளீனர்கள் பத்துப் பேர் இருந்தாலும், இலக்கணப்படி அடுத்து வருவது 'ஈஸ்', 'ஆர்' அல்ல.