இரண்டு தாலந்துப் பிள்ளைகள்

(வானொலியில் ஒலிபரப்பான அருளுரை)



செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். இந்த வாரம் நம் பிள்ளைகள் ஆசிரியர்களுக்குப் பூக் கொடுத்து வாழ்த்துச் சொல்கிறார்கள். நல்ல வழக்கம். ஆண்டின் மற்ற நாள்களில் அந்தப் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்கிறோம்? இதைத்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். குருவான புதிதில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தினேன். அந்த வகுப்பில் ஒரு பையன், வரிக்கு வரி எழுத்துப்பிழை. என் சிவப்பு மை அவன் நோட்டில்தான் அதிகம் செலவாயிற்று. பிழையைக் காட்டுவது ஆசிரியரின் கடமைதானே என்று நினைத்தேன். பத்தாவதோடு அவன் படிப்பை நிறுத்திவிட்டான்.

சில ஆண்டுகளுக்கு முன் பங்கு இல்லத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. மெக்கானிக் ஒருவர் கழற்றிக்கொண்டு போய்க் காயில் கட்டி, மறுநாளே கொண்டுவந்து மாட்டினார். “வேலை ரொம்பச் சுத்தமா இருக்குப்பா” என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “சாமி, எட்டாவதுல நீங்கதானுங்க எங்களுக்குத் தமிழ் எடுத்தீங்க. நல்லாருக்குதுன்னு நீங்க எங்கிட்டச் சொன்னது இதுதானுங்க மொதல் தடவை.”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குச் செபம் ஓடவில்லை. ஓர் ஆண்டு முழுவதும் அவனிடம் பாராட்ட ஒன்றுமே இல்லாமலா இருந்திருக்கும்? இருந்திருக்கும். நான்தான் தேடிப் பார்க்கவில்லை.

அன்பர்களே, மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் தாலந்து உவமையை வாசிக்கிறோம். ஐந்து தாலந்து பெற்றவர் இன்னும் ஐந்து ஈட்டினார். இரண்டு பெற்றவர் இன்னும் இரண்டு ஈட்டினார். தலைவர் இருவரையும் பாராட்டுகிறார். 21-ஆம் வசனத்தையும் 23-ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். முதலாமவருக்குச் சொன்ன அதே பாராட்டுத்தான் இரண்டாமவருக்கும். அவன் பத்தாக்கினான், நீ நாலுதானே ஆக்கினாய் என்ற ஒப்பீடு அங்கே இல்லை.

நாம் என்ன செய்கிறோம்? தேர்வு முடிவு வந்ததும் நம் காந்திபுரத்தில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஐந்து தாலந்துப் பிள்ளைகளின் படங்கள் பிளெக்ஸ் போர்டில் சிரிக்கும். முப்பத்திரண்டு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை பாடுபட்டு ஐம்பது வாங்கினால், அதற்குப் போர்டு கிடையாது. வீட்டிலும், “பக்கத்து வீட்டுப் பொண்ணு தொண்ணூறு வாங்கியிருக்குது” என்ற பேச்சுத்தான்.

உவமையின் மூன்றாவது பணியாளரையும் பாருங்கள். ஏன் மண்ணில் புதைத்தார்? தலைவர் கடுமையானவர் என்று அஞ்சியதால். பதில் தெரிந்தும் கை தூக்காத பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் எத்தனை பேர்! தவறாகச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்களே என்ற பயத்தில், உள்ளதையும் புதைத்து வைக்கிறார்கள்.

இராமேசுவரத்திலிருந்து ஒரு மாணவர் இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளிக்குப் படிக்கப் போனார். ஒருநாள் தெரியாமல் வேறொரு வகுப்புக்குள் நுழைந்துவிட்டார். கணித ஆசிரியர் இராமகிருஷ்ண ஐயர் எல்லார் முன்னிலையிலும் பிரம்பால் அடித்தார். பல மாதங்கள் கழித்து அதே மாணவர் கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றார். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்த ஆசிரியரே நடந்ததைச் சொல்லி, இவன் பள்ளிக்குப் பெருமை சேர்ப்பான் என்று பாராட்டினார். அடித்தது ஒரு வகுப்பின் முன். பாராட்டியதோ பள்ளி முழுவதற்கும் முன். அதே பள்ளியில் அய்யாதுரை சாலமன் என்ற ஆசிரியர், படிக்காத பெற்றோரின் மகனும் விரும்பிய உயரத்தை அடையலாம் என்ற நம்பிக்கையை அவருக்கு ஊட்டினார். அந்த மாணவர்தான் அப்துல் கலாம். குடியரசுத் தலைவரான பிறகும் இந்த ஆசிரியர்களை அவர் மறக்கவில்லை.

இன்று வகுப்பில் பிரம்புக்கு இடமில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. கையிலிருந்த பிரம்பைச் சட்டம் வாங்கிவிட்டது. நாக்கில் இருக்கும் பிரம்பை நாம்தான் கீழே வைக்க வேண்டும்.

அப்படியானால் பிழையைத் திருத்தவே கூடாதா? திருத்த வேண்டும். திருவெளிப்பாடு 2-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எபேசு திருச்சபையோடு பேசுகிறார். முதலில் அவர்களுடைய உழைப்பையும் மனவுறுதியையும் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். அதற்குப் பிறகுதான் குறையைச் சொல்கிறார். பொய்யாகப் புகழவும் இல்லை, குறையை மறைக்கவும் இல்லை.

ஆசிரியப் பெருமக்களே, “வெரி குட்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், எது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். “போன வாரம் தடுமாறின கணக்கை இன்னைக்கு நீயே போட்டுட்டியே” என்றால், தான் எப்படி முன்னேறினோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். “நீ புத்திசாலி” என்பதைவிட, “நல்லா முயற்சி பண்ணியிருக்கே” என்பது நல்லது. 1998-இல் அமெரிக்காவில் முல்லர், டுவெக் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டதும் இதுவே: புத்திசாலி என்று புகழப்பட்ட பிள்ளைகள், அந்தப் பெயர் போய்விடுமோ என்று கடினமான புதிர்களைத் தவிர்க்கத் தொடங்கினார்கள்.

பள்ளி டைரி புகார் எழுத மட்டும்தானா? நல்லது ஒன்றையும் அதில் எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள். பெற்றோரே, மில்லிலும் பட்டறையிலும் உழைத்துக் களைத்து வருகிறீர்கள். ஆனாலும் மார்க் எவ்வளவு என்று கேட்கும் முன், “இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட, கண்ணு?” என்று கேளுங்கள்.

செபிப்போம்: ஆண்டவரே, இரண்டு தாலந்து பெற்றவரையும் குறைத்துப் பேசாத தலைவர் நீர். எங்கள் பிள்ளைகளிடம் நீர் வைத்த நன்மையைக் காணும் கண்ணையும், அதைக் காலம் கடத்தாமல் எடுத்துச் சொல்லும் நாவையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.