பிள்ளை கணக்கில் முந்த வேண்டுமா?

(ஆங் மோ கியோவில் நடந்த பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கல்வியாளன் அல்லன், கடை நடத்துபவன். பிள்ளைகளின் கணக்குப் பாடம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த ஒரு தவற்றைச் சொன்னால் சிலருக்காவது பயன்படும் என்று ஒப்புக்கொண்டேன்.

நான் உயர்நிலை 3இல் படித்தபோது, கூடுதல் கணிதம், அதாவது நம் பிள்ளைகள் ஏ-மேத்ஸ் என்பார்களே, அதை எடுக்கும்படி ஆசிரியர் சொன்னார். அத்தாவிடம் கேட்டேன். “பெயிலாயிட்டா என்னப்பா செய்வே? நமக்கு எதுக்குப் பெரிய கணக்கு?” என்றார். விட்டுவிட்டேன். பிறகு இதே ஆங் மோ கியோவில் உள்ள நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தேன். நண்பர்கள் ஏற்கெனவே பார்த்த நுண்கணிதத்தை நான் முதன்முறையாகப் பார்த்தேன். முதல் ஆண்டு முழுவதும் திணறினேன்.

அந்தக் குறையை என் மகனிடம் தீர்த்துக்கொள்ளப் பார்த்தேன். உயர்நிலை 2 தொடங்கியதுமே, உயர்நிலை 3 கூடுதல் கணிதத்தை முன்கூட்டியே நடத்தும் ஒரு டியூஷன் வகுப்பில் சேர்த்தேன். அவனைக் கேட்கவில்லை. கணக்குகளை வேகமாகப் போட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை கடையில் உதவிக்கு வந்தான். 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்ந்து 54 வெள்ளி 50 காசுக்கு ஒரு பில். “இதில் வரி எவ்வளவு?” என்று கேட்டேன். அந்தத் தொகைக்கே 9 விழுக்காடு போட்டு, “4 வெள்ளி 90 காசு அத்தா” என்றான். விடை 4 வெள்ளி 50 காசு. 100 வெள்ளிப் பொருள் வரியோடு 109 வெள்ளி ஆகிறது. ஆகவே மொத்தத்தில் 109இல் 9 பங்குதான் வரி. விளக்கியதும், “இதுக்கு எந்த ஃபார்முலா அத்தா?” என்றான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அல்ஜீப்ரா என்ற சொல்லே 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலிருந்து வந்தது. வாரிசுப் பங்கு பிரிக்கவும் வியாபாரம் செய்யவும் மக்களுக்குப் பயன்படும் என்றே அவர் அதை எழுதினார். என் மகனுக்குச் சூத்திரம் தெரிந்தது, பங்கு தெரியவில்லை.

அந்த வகுப்பை நிறுத்தினேன். மூன்று மாதம் விகிதம், பின்னம், உயர்நிலை 2 இயற்கணிதம் மட்டும். பிறகு பாடத்தேர்வுப் படிவம் வந்தபோது முதன்முறையாக அவனையே கேட்டேன். இரண்டு நாள் யோசித்து, “எடுக்கிறேன் அத்தா, ஆனா ஸ்கூல் வேகத்துல படிக்கிறேன்” என்றான். சரி என்றேன்.

அத்தா பயத்தால் என்னைத் தடுத்தார். நான் ஆசையால் என் மகனைத் தள்ளினேன். இருவருமே பிள்ளையைப் பார்க்கவில்லை.

பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று, இப்போது படிக்கும் கணக்கைத் தம்பி தங்கைக்கு விளக்கிச் சொல்லப் பிள்ளையால் முடிகிறதா? இரண்டு, போக நினைக்கும் பாதைக்கு அது தேவையா? தொடக்கக் கல்லூரியின் எச்2 கணிதம், கூடுதல் கணிதம் தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியின் பொறியியல் படிப்புகளில் சேர இரண்டு கணிதங்களில் ஏதேனும் ஒன்று போதும். ஆனாலும் உள்ளே போனபின் அடித்தளம் கைகொடுக்கும். மூன்று, கூடுதலாக ஒரு பாடம் ஏறினால் எது குறையும்? தூக்கமா, தமிழா, வார இறுதி மதரசாவா?

தயாராக உள்ள பிள்ளையைப் பிடித்து வைக்காதீர்கள். 2024இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பழைய பிரிவுகள் இல்லை. ஜி1, ஜி2, ஜி3 என்று பாடத்துக்குப் பாடம் நிலை மாறலாம். மற்றப் பாடங்களை ஜி2இல் படிக்கும் பிள்ளை, தகுதி இருந்தால், கணக்கை மட்டும் ஜி3இல் படிக்கலாம். 2027 முதல் எல்லாருக்கும் ஒரே சான்றிதழ்த் தேர்வு. பள்ளி அப்படி வாய்ப்புக் கொடுத்தால், “நமக்கு எதுக்கு?” என்று சொல்லிவிடாதீர்கள். ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். எந்தப் பகுதியில் பிள்ளை தடுமாறுகிறது, மேல்நிலை கடினமாகிவிட்டால் திரும்ப வழி உண்டா என்று கேளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பாடத்தேர்வுக்கு முன்னால், நம் குடும்பங்களில் பல்கலைக்கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிக்கும் அண்ணன்களும் அக்காமார்களும் உயர்நிலை 2 பிள்ளைகளோடு ஒரு மாலை உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்யுங்கள். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. தேநீர்ச் செலவு என்னுடையது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.