கடன் அன்பை வளர்க்கும்!

(பட்டிமன்றத் தலைப்பு: 'கடன் கொடுப்பது உறவை வளர்க்கிறதா? முறிக்கிறதா?' இடம்: காஞ்சிபுரம். 'வளர்க்கிறது' அணியின் இரண்டாம் பேச்சாளர் ஆற்றிய உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! 'முறிக்கிறது, முறிக்கிறது' என்று சொல்லிச் சொல்லி, மைக்கையே முறித்துவிடுவார்களோ என்று என்னைப் பயமுறுத்திய எதிரணி நண்பர்களே! பட்டு நெய்யும் பட்டணத்தில் திரண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பர்களே! (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு போர்டைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். மளிகைக் கடையில் தொங்குமே, 'கடன் அன்பை முறிக்கும்' என்று, அந்தப் போர்டு. அம்மா, நீங்க போர்டைப் பார்த்தீங்க. போர்டுக்குக் கீழே இருக்கிற நீளமான பாக்கி நோட்டைப் பார்த்தீங்களா? (சிரிப்பு) இருபது வருஷமா போர்டும் தொங்குது, நோட்டும் நடக்குது, அந்தக் கடைக்காரருக்கும் அந்தத் தெருவுக்கும் உறவும் நடக்குது! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்தக் 'கடன் கொடுப்பது' என்ற சொல்லை முதலில் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். இங்கிலீஷ்காரன் இதற்கு 'லெண்ட்' என்று ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறான். கொடுப்பவன் 'லெண்ட்', வாங்குபவன் 'பாரோ'. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் எப்போதும் குழப்பம். 'பேனா கடன் கொடு' என்பதற்குப் பதிலாக, 'பேனா கடன் வாங்கு' என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டு நிற்பான்! (சிரிப்பு) இன்னொரு வேடிக்கை. 'லெண்ட்' என்பதன் இறந்தகாலத்தைச் சொன்னால், காதுக்கு அதுவும் ஏறக்குறைய 'லெண்ட்' மாதிரியேதான் கேட்கும். நம்ம மச்சானுக்குக் கொடுத்த பணம் மாதிரி. கொடுக்கும்போதே அது இறந்தகாலம்தான்! (பலத்த சிரிப்பு)

அவன் அந்த ஒரே சொல்லில் பணத்தையும் கொடுக்கிறான், குடையையும் கொடுக்கிறான், புத்தகத்தையும் கொடுக்கிறான். கையைக் கொடுப்பதற்கும் 'லெண்ட்', காதைக் கொடுப்பதற்கும் 'லெண்ட்'. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆண்டனி என்ன செய்கிறான்? பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கூடியிருக்கும் ஜனங்களிடம் காதைக் கடனாகக் கேட்கிறான்.

நம்ம தமிழ் அப்படி எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டவில்லை. குடை வாங்கினால் அதே குடை திரும்ப வரணும், அது இரவல். ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால் அதே சர்க்கரையா திரும்ப வரும்? அந்த அளவு வரும்; அது கடன். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, 'ஒண்ணாம் தேதி தர்றேண்ணே' என்ற ஒரு வார்த்தைதான் என்றால், அது கைமாத்து. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் நடுவில் நம்பிக்கையைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

அதைவிடப் பெரிய விஷயம், 'கடன்' என்ற சொல்லே நமக்கு வெறும் பாக்கி இல்லை, கடமை. நேர்த்திக் கடன், நன்றிக் கடன், செஞ்சோற்றுக் கடன். புறநானூற்று 312-ஆம் பாட்டிலே பொன்முடியார் என்ற புலவர், தாய்க்கு, தந்தைக்கு, கொல்லனுக்கு, அரசனுக்கு, வீரனுக்கு என்று வரிசையாக எது எது கடன் என்று பிரித்துக் கொடுக்கிறார். அங்கே யாரும் யாரிடமும் பணம் வாங்கவில்லை. ஒருவருக்கொருவர் பட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். பட்டிருப்பதுதானே ஐயா உறவு? (கைதட்டல்)

'தத்துவம் வேண்டாம், தறியைப் பற்றிப் பேசு' என்கிறது எதிரணி. பேசுகிறேன். இது பிள்ளையார்பாளையம் இருக்கிற ஊர். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்கிறோமே, அதற்கு மூன்று நாடா வேண்டும். ஒருத்தர் தனியாக உட்கார்ந்து சமாளிக்க முடியாது. பக்கத்தில் நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும்போது, ஒரு வீட்டு ஆள் மட்டும் போதுமா? 'அண்ணே, ஒரு கை குடுங்க' என்றால் நாலு வீட்டிலிருந்து வருவார்கள். அடுத்த வாரம் அவர் வீட்டுப் பாவுக்கு இவர் போவார். இங்கிலீஷ்காரன் கையைக் கடன் கொடுப்பதாகப் பேச்சுக்குச் சொல்கிறான். காஞ்சிபுரத்துக்காரன் கொடுத்து, வாங்கி, கணக்கும் தீர்க்கிறான்! (பலத்த கைதட்டல்)

எதிரணி ஐயா கடைசியாக ஒரு குண்டு போட்டார். 'தறிக்காரர் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கினார், அதற்காகப் பிள்ளையைத் தறியில் உட்கார வைத்தார், அதுவும் கடன்தானே?' என்றார். சபை அமைதியாகிவிட்டது. நானும் அதைச் சிரித்து மழுப்பப் போவதில்லை. நடந்தது உண்மை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் நம்ம காஞ்சிபுரமும் இருக்கிறது. அட்வான்ஸ் தீரும்வரை அந்தப் பிள்ளை வேறு இடத்துக்குப் போக முடியாது, கூலியோ சொற்பம், கடனோ தீராது.

ஆனால் ஐயா, அதற்குப் பெயர் கடன் கொடுப்பதா? திரும்பி வரவேண்டும் என்று கொடுப்பது கடன். திரும்பி வந்துவிடக் கூடாதே என்று கொடுப்பது தூண்டில்! (கைதட்டல்) அங்கே அவன் பணத்தைக் கொடுக்கவில்லை, ஆளை வாங்குகிறான். அதனால்தான் 1976-இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், அப்படிப்பட்ட கடனைத் திருப்பித் தரவே வேண்டாம் என்று ரத்து செய்தது. சட்டமே அதைக் கடனாக மதிக்கவில்லை. நீங்கள் அதை எங்கள் கணக்கில் எழுதலாமா?

தொல்காப்பியர் இதை எவ்வளவு அழகாகப் பிரித்தார்! ஈ, தா, கொடு என்று கேட்கிற சொற்கள் மூன்று. தாழ்ந்து நிற்பவன் கேட்பது 'ஈ', சமமானவன் கேட்பது 'தா', உயர்ந்தவன் கேட்பது 'கொடு'. கேட்பவனை 'ஈ' என்று கெஞ்ச வைத்தால் அங்கே உறவு முறியும். ஒப்புக்கொள்கிறேன். 'தா' என்று கேட்கிற இடத்தில் அவனை உட்கார வையுங்கள், உறவு வளரும். முறிப்பது கடன் இல்லை, மேடு பள்ளம்.

அந்தச் சம இடத்தை உண்டாக்க முடியுமா? முடியும் என்று காட்டியதே இந்த ஊர்தான்! சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் நடத்திய கிராமக் கடன் சங்கங்களைப் பார்த்து, 1895-லும் 1897-லும் அறிக்கை கொடுத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி இந்தியாவிலேயே முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் எங்கே பதிவாயிற்று தெரியுமா? பம்பாயா? கல்கத்தாவா? இல்லை. 1904 அக்டோபரில், நம்ம காஞ்சிபுரத்தில்! (நீண்ட கைதட்டல்)

அதன் சூட்சுமம் என்ன? உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள். அவர்களிலேயே ஒருவர் வாங்குகிறார். இன்றைக்குக் கொடுக்கிறவர் நாளைக்கு வாங்குகிறவர். 'லெண்ட்' யார், 'பாரோ' யார் என்று பிரிக்கவே முடியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குழம்பினது சரிதான் போலிருக்கே! (சிரிப்பு)

இது நேற்று முளைத்த பழக்கமும் இல்லை. பத்தாம் நூற்றாண்டு உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயிலின் பொன்னை ஊர்மக்களிடம் கொடுத்து, அதன் வட்டியில் கோயில் செலவை நடத்திய ஏற்பாட்டை அது சொல்கிறது. கோயில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு நெசவாளர்களுக்கும் இருந்தது. பெருமாளே நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார். அந்த உறவு முறிந்தா போயிற்று? (கைதட்டல்)

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, ஒன்றே ஒன்று. கல்யாண வீட்டுக்குப் போக ஒரு பெண் பக்கத்து வீட்டில் பட்டுச் சேலை கேட்கிறாள். 'உனக்கு எதுக்குடி பட்டு?' என்று கேட்டால் அங்கே முறிந்தது. 'இந்தா அக்கா, கட்டிட்டுப் போ, உனக்கு நல்லா இருக்கும்' என்று கொடுத்தால், சேலை மறுநாள் திரும்பி வந்துவிடும். அந்தச் சொல் அவள் ஆயுசுக்கும் திரும்பி வராது, அவள் நெஞ்சிலேயே இருக்கும். தலைகுனிய வைக்காமல் கொடுக்கும் கடன் உறவை வளர்க்கும் என்று நல்ல தீர்ப்பு தாருங்கள். கவனியுங்கள், 'தாருங்கள்' என்றுதான் கேட்கிறேன். அதைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன்! (சிரிப்பு)

(பலத்த கைதட்டல்)