துளையின் பிடி



கோவை வட்டாரத்து பம்ப் பட்டறைகளில் அன்றாடம் நடக்கிற ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறேன். பம்பின் வார்ப்பிரும்பு உடம்பில் துளை போட்டு, அதற்குள் கன்மெட்டல் என்ற வெண்கலக் கலவையில் செய்த புஷ் ஒன்றை, அதாவது ஒரு சிறு குழாயை, அழுத்தி இறக்குவார்கள். அந்தப் புஷ்ஷுக்குள்தான் ஷாஃப்ட் சுழலும். புஷ்ஷைப் பிடித்து வைக்கத் திருகு கிடையாது, பசை கிடையாது. துளையைவிடப் புஷ் இம்மியளவு பெரிது, அவ்வளவுதான். உள்ளே போன புஷ் விரியப் பார்க்கும். துளை அதை நெருக்கும். அந்த மல்லுக்கட்டுதான் பிடி.

அந்த இம்மி எவ்வளவு? 25 மில்லிமீட்டர் துளையைப் பார்ப்போம். எச்7 என்ற அளவுமுறைப்படி துளை 25-க்குக் குறையக் கூடாது; 21 மைக்ரானுக்கு மேல் கூடவும் கூடாது. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அதற்கு இணையாக பி6 அளவில் கடைந்த புஷ், 25-ஐவிட 22 முதல் 35 மைக்ரான் வரை பெரிதாக இருக்கும். ஆக இறுக்கம் குறைந்தது 1 மைக்ரான், மிஞ்சினால் 35. துளை கொஞ்சம் பெருத்துவிட்டால் புஷ் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும். மிகவும் சிறுத்துவிட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும்.

டிரில் போட்டதோடு துளை முடிந்துவிடாது. டிரில் பெரும்பாலும் தன் அளவைவிடப் பெரிதாகவே துளைக்கும். வட்டமும் சில நேரம் மூன்று பக்கம் புடைத்து நிற்கும். அப்படிப்பட்ட துளையை எதிரெதிரே இரண்டு இடத்தில் தொட்டு அளந்தால், எப்படித் திருப்பினாலும் ஒரே அளவைக் காட்டி ஏமாற்றும். மூன்று இடத்தில் தொடும் மைக்ரோமீட்டர்தான் உண்மையைச் சொல்லும். டிரில் இப்படிப் பிசகுவதால்தான் சிறிய டிரில், பிறகு துளையைக் கடைந்து பெரிதாக்கும் போரிங், கடைசியாகச் சரியான அளவுக்குச் சீவி முடிக்கும் ரீமர் என்று படிப்படியாகப் போகிறார்கள்.

சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். உடம்பு வார்ப்பிரும்பாக இல்லாமல் அலுமினியமாக இருந்து, கடைந்த சூடு ஆறாமல் அறையைவிட 30 டிகிரி கூடுதலாக இருந்தால், அதே 25 மில்லிமீட்டர் துளை 17 மைக்ரான் பெரிதாகத் தெரியும். அனுமதித்த 21-இல் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. ஆற விட்டு அளப்பதும் வேலையில் சேர்ந்ததுதான்.

தொழில் பழகிய நாளில் நான் செய்த தவறு ஒன்று. புஷ்ஷின் உள்துளையை ஷாஃப்டுக்குச் சரியாகக் கடைந்து, 20 மைக்ரான் இடைவெளியும் விட்டு, பிரஸ்ஸில் வைத்து இறக்கினேன். புஷ் அழகாக உட்கார்ந்தது, ஷாஃப்ட் நுழையவில்லை. மெல்லிய புஷ்ஷை வெளியே நெருக்கினால், ஏறத்தாழ அதே அளவு உள்துளையும் சுருங்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதுமுதல் உள்துளையில் கொஞ்சம் மிச்சம் வைத்து, இறக்கிய பிறகே ரீமர் ஓட்டி முடிக்கிறேன்.

இறக்குவதிலும் பக்குவம் உண்டு. துளையின் வாயைச் சரிவாகச் சீவ வேண்டும். எண்ணெய் தடவ வேண்டும். புஷ்ஷுக்குள் பொருந்துகிற, படி வெட்டிய தண்டைக் கொடுத்து, நேராக அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டினால் புஷ் சாய்ந்து, துளையின் சுவரைச் சுரண்டிக்கொண்டே போகும்.

இந்தக் கலையை நான் மதிப்பதற்குக் காரணம் அதன் சிக்கனம். வர வேண்டிய தேய்மானத்தைப் புஷ் ஏற்றுக்கொள்கிறது. தேய்ந்ததைத் தள்ளிவிட்டுப் புதிதை இறக்கினால், விலை கூடிய பம்ப் உடம்பு பிழைத்துக்கொள்கிறது. ஆனால் துளை கெட்டுவிட்டால் அந்த வழி எளிதில் திறக்காது. பெரிதாகக் கடைந்து, அதற்கென்று தனிப் புஷ் செய்ய வேண்டிவரும். புஷ் எத்தனை முறை மாறினாலும் துளை ஒன்றுதான். அதை அளக்கும் கைக்கு அவசரம் ஆகாது.