ஆற்றலும் அடக்கமும்



ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அச்சாலையை விட்டு இறங்கினால் தேயிலைத் தோட்டத்துச் சேற்றுவழி. இவ்விரு வழிகளிலும் செல்ல வேண்டிய வண்டிக்கு ஆற்றல் மிக்க எஞ்சின் ஒன்றே போதும் எனப் பலர் எண்ணுவர். அது முழு உண்மையன்று. ஜிப்சி என்னும் வண்டியைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

இந்திய அரசின் மாருதி உத்யோக் நிறுவனமும் ஜப்பானின் சுசுகி நிறுவனமும் 1982-இல் உடன்படிக்கை செய்துகொண்டன. அக்கூட்டுறவில், சுசுகியின் வடிவமைப்பைத் தழுவி, 1985-இல் ஜிப்சி வெளிவந்தது. அதன் எஞ்சின் 970 கன சென்டிமீட்டர் கொள்ளளவே உடையது. 1993-இல் இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் இடைப்பட்ட அகலம் 90 மில்லிமீட்டர் கூட்டப்பட்டது. உயரமான வண்டியில் எடையின் மையம் மேலே அமைகிறது. சரிவில் அம்மையத்திலிருந்து நேர்கீழாக இறங்கும் கோடு சக்கரங்களுக்கு வெளியே சென்றால் வண்டி கவிழும். அடி அகன்றால் அந்த அபாயம் குறையும். 1996-இல், எஸ்டீம் காரில் பயன்பட்ட வகையான 1298 கன சென்டிமீட்டர் எஞ்சினும் ஐந்து கியர்களும் பெற்று, அது ஜிப்சி கிங் ஆயிற்று.

அப்போதும் அதன் ஆற்றல் சுமார் 60 குதிரைத்திறனே. பின் செங்குத்தான மேட்டில் எவ்வாறு ஏறிற்று? வழக்கமான கியர்ப் பெட்டியோடு டிரான்ஸ்பர் கேஸ் என்னும் மற்றொரு பெட்டியும் அதில் உண்டு. அதன் தாழ்நிலையில் சக்கரங்களின் வேகம் குறைகிறது. சுழற்றும் விசையோ ஏறத்தாழ 1.6 மடங்காகிறது. வேகத்தை விட்டுக்கொடுத்தே விசையைப் பெறுகிறோம்.

இனி வளைவுக்கு வருவோம். நுகத்தில் பூட்டிய இரண்டு காங்கேயம் காளைகள் திரும்புவதைக் கண்டிருப்பீர்கள். உட்புறக் காளை அடியை அடக்கி வைக்கும். வெளிப்புறக் காளை எட்டி நடக்கும். ஓர் அச்சின் இருபுறச் சக்கரங்களுக்கு இவ்வசதியைத் தருவது டிபரென்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி. ஜிப்சியின் முன்னச்சிலும் பின்னச்சிலும் தனித்தனியே அது உண்டு. இரண்டு அச்சுகளுக்கும் இடையே இல்லை. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தொலைவு செல்கின்றன. நான்கு சக்கரங்களுக்கும் விசை பாயும்போது, சேற்றில் டயர்கள் சற்றே வழுக்கி அவ்வேறுபாட்டை ஈடுசெய்யும். உலர்ந்த தார்ச்சாலையிலோ வழுக்க இடமில்லை. டயர் தேயும், அச்சுகள் முறுக்குண்டு வருந்தும். ஆகவேதான் தார்ச்சாலையில் பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை தந்து, சேற்றில் இறங்கும்போது முன்சக்கரங்களையும் இணைத்துக்கொள்ள அதில் ஒரு நெம்புகோல் வைத்தனர்.

இன்றிரவு ஒரு தாளில், வளைவில் திரும்பும் வண்டியின் நான்கு சக்கரங்களையும் வரையுங்கள். பின்னச்சின் நேர்க்கோட்டில், வண்டிக்கு வெளியே ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு, ஒவ்வொரு சக்கரத்திற்கும் காம்பஸால் ஒரு வில் இடுங்கள். நான்கும் வெவ்வேறு நீளமாக இருக்கும். அதைக் கண்டுகொண்டவருக்கு அந்த நெம்புகோல் ஏன் இருக்கிறது என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை.