புயலும் வாணிபமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இருப்புப்பாதை ஒரு முழம்கூட இல்லாத இத்தீவிலே இரயில்வே எழுத்தர் பேச வந்திருப்பது விந்தையாகத் தோன்றலாம். தமக்கையார் இல்லத்துக்கு விடுமுறையில் வந்த எம்மை, பயனுள்ள பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். மெட்ரிகுலேஷனுக்கு மேல் நாம் கற்கவில்லை. எனினும், இருபது ஆண்டுகளாகச் சென்னையில் சரக்கு ரசீது எழுதி அறிந்த ஒன்றைக் கூற விழைகிறோம்.

இரயில்வேயில் டெமரேஜ் என்றொரு கட்டணம் உண்டு. வந்து நின்ற வேகனிலிருந்து குறித்த நேரத்துக்குள் சரக்கை இறக்காவிடில், காத்திருந்த நேரத்துக்குக் கணக்கிட்டு வசூலிக்கப்படுவது அது. காத்திருப்புக்கும் விலை உண்டு என்பதே அதன் பொருள். புயலின் நட்டத்தைக் கணக்கிடும்போது வீழ்ந்த கூரையையும் முறிந்த தென்னையையும் எண்ணுகிறோம். காத்துக் கிடந்த சரக்கை எண்ண மறந்துவிடுகிறோம்.

1964 டிசம்பர் 17-ல் இந்த அந்தமான் கடலின் தென்பகுதியில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தோன்றியது. அது மேற்கே நகர்ந்து, புயலாகி, இலங்கையைத் தாக்கி, 22-ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் வண்டியைப் பேரலை கவிழ்த்ததில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே ஊழியர் இன்றும் மறவாத துயரம் அது.

அவ்வுயிர்களுக்கு ஈடேது? அவற்றோடு அழிந்த வாணிபத்தின் கதையையும் கேளுங்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது முதல், சென்னையில் வண்டியேறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்று, மீண்டும் இரயிலேறிக் கொழும்பு சேர்ந்தனர். சரக்கும் தபாலும் அவ்வழியே சென்றன. புயலுக்குப் பின் பாலத்தை, இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் மேற்பார்வையில் 46 நாட்களில் செப்பனிட்டனர். கப்பலும் சில காலம் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. ஆனால் தனுஷ்கோடியின் இருப்புப்பாதையும் சுங்கச் சாவடியும் கடைவீதியும் மீளவேயில்லை. பாலம் எழுந்தது, ஓர் ஊரின் வாணிபம் எழவில்லை.

மழை மிகுவது போலவே பொய்ப்பதும் வாணிபத்தைத் தடுக்கும். பனாமா கால்வாயில் கப்பல்களை ஏற்றி இறக்கும் தொட்டிகளுக்கு நீர் தருவது காட்டூன் ஏரி. 2023-ல் மழை குன்றி அவ்வேரி வற்றியதால், நாளொன்றுக்கு 36 அளவில் கடந்த கப்பல்கள் 2024 தொடக்கத்தில் 24 ஆகக் குறைக்கப்பட்டன. பல கப்பல்கள் காத்து நின்றன. சில நெடுந்தூரம் சுற்றிச் சென்றன. அச்செலவு யாவும் இறுதியில் பண்டம் வாங்குவோர் தலையில்தானே விழும்?

இத்தீவுகளின் நிலை உங்களுக்குத் தெரியாததன்று. அரிசியும் பருப்பும் வெங்காயமும் பெரும்பகுதி கப்பலேறியே வரவேண்டும். ஸ்ரீ விஜயபுரம் என 2024-ல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்குச் சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் கடல்வழி. 2016 டிசம்பரில் கடல் கொந்தளித்தபோது, அன்று ஹேவ்லாக், நீல் எனப்பட்ட தீவுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் சிக்கினர். கடற்படைக் கப்பல்கள் சென்று மீட்டன. பின்னர் வலுப்பெற்ற அதே புயல், வர்தா என்னும் பெயரோடு டிசம்பர் 12-ல் சென்னையைத் தாக்கியது. சரக்கு ஏற்றும் துறையும் இறக்கும் துறையும் ஒரு வாரத்துக்குள் ஒரே புயலால் துன்புற்றன.

எம் தமக்கையாரின் வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டினோம். கப்பல் பிந்திய வாரங்களில் வெங்காயம் என்ற வரியே இல்லை. "விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன், தம்பி" என்றார். அதுவே குடும்பம் செலுத்தும் டெமரேஜ்; அதற்கு ரசீது கிடையாது.

ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பேரேடு தொடங்குங்கள். கப்பல் வரவேண்டிய நாள், வந்த நாள், பிந்திய காரணம், அவ்வாரம் ஐந்து பண்டங்களின் விலை ஆகியவற்றை எழுதி வாருங்கள். பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்யலாம். சில ஆண்டுகளில், ஐப்பசி பிறக்குமுன் எத்தனை நாளுக்குரிய பண்டத்தைச் சேமிக்க வேண்டும் என்பதை அப்பேரேடே காட்டும். அதிகாரிகளிடம் முறையிடும்போதும் அதுவே நமக்குச் சாட்சியாகும்.

புயலை நிறுத்த நம்மால் இயலாது. அது நம்மிடம் வசூலிப்பதையேனும் எழுதி வைப்போம்.